கணவாய்ப்புதூரின் நாய்ப்பந்தல்

மலை இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்க, நடுவில் காற்று போய்வருவதற்கு மட்டும் வழிவிட்ட இடத்தில் இருந்தது கணவாய்ப்புதூர். வருஷத்தில் பாதிக்குமேல் அந்த ஊரில் காற்றுதான் பேசும், மனுஷர்கள் அதற்கு மேலே குரல் எடுத்துப் பேசிப் பேசி, நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் சண்டைக்காரர்கள் மாதிரியே பேசுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் காற்றே வராமல் போன ஒரு வைகாசியில், காடெங்கும் நட்டுவைத்த காற்றாலைகள் கையை விரித்தபடி அசையாமல் நின்ற நாட்களில், பரோட்டாக் கடை சுடலைமுத்துவின் செவலை நாய் சோறு தின்னாமல் சுருண்டு கிடந்து, நுரைநுரையாகக் கக்கி, ரத்தமாகப் பேதி போய், ஒரு காலை வேளையில் கடை வாசலிலிருந்து மெல்ல மேலே எழும்பியது.

முதலில் முன்னங்கால்கள் தரையை விட்டன, பிறகு பின்னங்கால்கள், கடைசியாக வால். சுடலைமுத்து கல்லில் கிடந்த பரோட்டாவைத் திருப்பிப் போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் நாய் பெயர்ப்பலகை உயரத்துக்குப் போயிருந்தது. அவர் பெஞ்சின்மேல் ஏறி அதன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுநுனியைத் தூணில் முடிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு மறுபடி கல்லுக்குப் போனார். சாப்பிட வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், நாய்க்கு என்ன உடம்புக்கு என்று விசாரித்தார்கள், சால்னா கேட்டார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் மேலத்தெருவில் பாதி வீட்டு ஜன்னல் கம்பிகளில் கயிறு கட்டியிருந்தது, ஒவ்வொரு கயிற்றின் மறுநுனியிலும் ஒரு நாய் நின்றது, நோய் கொஞ்சமாக இருந்தால் ஓட்டுக்கூரை உயரத்தில், முற்றியிருந்தால் தென்னை உயரத்தில். மின்வாரியத்து லைன்மேன் வந்து கம்பியில் நாய் மோதினால் தான் பொறுப்பில்லை என்று வீடுவீடாகச் சொல்லிப் போனார். பஸ் டிரைவர் மேலத்தெருவில் ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்து ஓட்டப் பழகினார். பெண்கள் துணி காயப்போடும் கொடியை வீட்டுக்குள் மாற்றினார்கள். கயிறு கட்ட ஆளில்லாத தெருநாய்களோ பருந்து சுற்றும் உயரத்தையும் தாண்டிப் போய்ப் புள்ளியாகி, பிறகு புள்ளியும் இல்லாமல் போயின. நாய் ஏன் மிதக்கிறது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை, யார் வீட்டு நாயின் பேதி யார் வீட்டு வாசலில் விழுந்தது என்பதில்தான் தகராறெல்லாம் நடந்தது.

பந்தல் வடிவு இந்தத் தகராறுகளில் தலையிடவில்லை. சிவஞானவடிவு என்ற முழுப்பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஐம்பதை நெருங்கியவள், முடிச்சுப் போட்டுப் போட்டு விரலெல்லாம் காய்த்துப் போனவள், அவ்வளவு காற்றடிக்கிற ஊரில் ஒரு பந்தலைக்கூடக் காற்றுக்குக் கொடுத்ததில்லை என்கிற ஒரே பெருமையை நகை மாதிரி போட்டுக்கொண்டு திரிகிறவள். அவள் புருஷன் செல்லப்பா மைக் செட் வைத்திருந்தார். வீட்டில் நாள் முழுக்கப் பேசினாலும் அவர் பேச்சு ஒரு கைப்பிடிக்குள் அடங்கும், மைக்கைக் கையில் வாங்கிவிட்டால் மட்டும் கல்யாண வீட்டையே தன் குரலில் நடத்திவைப்பார். வடிவுக்கு நாய்களைக் கண்டால் ஆகாது. நட்ட கம்பு ஒவ்வொன்றிலும் காலைத் தூக்கிவிட்டுப் போகிற ஜாதியோடு என்ன உறவு வேண்டியிருக்கிறது என்பாள்.

வடிவு கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்கமாட்டாள், கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். வி.ஏ.ஓ. மகள் கல்யாணத்தன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் முழங்கி, எல்லாரும் அட்சதையைத் தூவிய நேரத்தில், பந்தல் துணியின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு புடைப்பு மேல்நோக்கி முட்டிக்கொண்டு நிற்பது அவள் கண்ணில் பட்டது. நாற்காலிமேல் நாற்காலி போட்டு ஏறிக் கையை நீட்டினால், பால்குடி மறந்து கொஞ்ச நாளே ஆன ஒரு குட்டி. கண் உள்ளே போய், மூக்கு காய்ந்து, வயிறு ஒட்டிக் கிடந்தது. கையில் எடுத்தபோது கனமே தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது.

தூக்கி வெளியே போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தாள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் கைநழுவ விட்ட எதுவும் கீழேதான் விழுந்திருக்கிறது, குனிந்து எடுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. இதை விட்டால் மேலேதான் போகும், யாராலும் எடுக்க முடியாது. அந்த நினைப்பு வந்ததும் அவளால் விரலைத் திறக்க முடியவில்லை. பந்தல் தொங்கலிலிருந்து ஒரு சரிகை நாடாவை அறுத்துக் குட்டியின் இடுப்பில் கட்டி, நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, தலைக்கு மேலே குட்டி மிதந்துவர, கடைத்தெரு வழியாகக் கால்நடை மருந்தகத்துக்கு நடந்தாள். பின்னால் வந்த கல்யாணக்காரர்கள் அந்தக் குட்டிக்குக் கெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மருந்தகத்தில் டாக்டர் பெனிட்டா வேலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. தக்கலைப் பக்கத்துப் பெண், பேசும்போது எதிரில் உள்ளவரின் கையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. கெட்டியின் தோலைக் கிள்ளி விட்டார், அது பழைய இடத்துக்குப் போகாமல் கிள்ளியபடியே நின்றது. ஈறைத் திறந்து பார்த்தார், வெளுத்திருந்தது. பார்வோ என்று ஒரு வைரஸ், நாய்க்கு நாய் ஒட்டும், மனுஷருக்கு வராது, குடலின் உள்பக்கத்தை உரித்துப் போட்டுவிடும், அப்புறம் உடம்பிலுள்ள தண்ணியெல்லாம் வாய்வழியும் அடிவழியும் போய்விடும் என்று விளக்கினார். நாய் மிதப்பது பற்றி அவருக்குப் படிப்பில் சொல்லித்தரவில்லை, அதை அவர் ஒரு குறையாகவும் நினைக்கவில்லை. உடம்பில் கனமானது தண்ணிதானே, அது போனால் உடம்பு மேலே போகத்தானே செய்யும் என்று மட்டும் சொன்னார்.

“இதக் கொல்லுததுக்குன்னு மருந்து கிடையாதுக்கா,” என்றார் வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு. “நம்ம வேலை அதைத் தரையில நிறுத்துறது மட்டுந்தான். தண்ணி உள்ள நின்னா நாய் நிக்கும். சண்டைய அதோட ரத்தமே போட்டுக்கிடும்.”

ஃபேன் கொக்கியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, கெட்டியின் முன்னங்காலில் ஊசியை ஏற்றி, வாந்திக்கு ஒன்றும் குடல் சீழ்பிடிக்காமலிருக்க ஒன்றும் போட்டார். வடிவு நாடாவைப் பிடித்தபடி நின்றாள். சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, கையிலிருந்த நாடாவின் இழுப்பு குறைந்துகொண்டே வந்தது. பாட்டில் பாதியானபோது குட்டி அவள் நெஞ்சுக்கு நேரே நின்றது, முக்கால் ஆனபோது இடுப்புக்கு நேரே. கடைசியில் நாலு கால் நகமும் மேசையில் டொக்கென்று தொட்ட சத்தத்தைக் கேட்டதும், கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னாலும் சிரிக்காத வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. வாசலில் நின்று தெருவுக்கு மேலே ஆடாமல் அசையாமல் நிற்கும் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் இருப்பதே பேதியில்தான், தரையில் கிடக்கிற நாய் கிடந்த இடத்தைத்தான் கெடுக்கும், இவையோ மேலே நின்று ஊர் முழுக்கத் தூவிக்கொண்டிருக்கின்றன, விழுந்த மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவராவிட்டால் ஊரில் ஒரு நாய் மிஞ்சாது என்றார். தன்னிடம் இருப்பது ஒரே அறை, ஒரே மேசை, ஒரே கொக்கி என்றும் சொன்னார்.

இந்தச் சமயத்தில்தான் கோயில் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் நம்பித்துரை அரிசி மில் முதலாளி, கெட்டவர் இல்லை, ஆனால் ஊர் சுத்தமாக இருந்தால் மனசு சுத்தமாக இருக்கும் என்று நம்புகிற ஆள். ஆடி முதல் செவ்வாய் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அதற்குள் காற்று வந்துவிடும். காற்று வந்ததும் எல்லாக் கயிற்றையும் ஒரே நேரத்தில் அறுத்துவிட்டால், நாய்களைக் காற்றே கணவாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடும், நோயும் அதோடு போகும், சாமி வீதியுலா வரும்போது மேலேயிருந்து எதுவும் விழாது என்று அவர் சொன்னார். பலருக்கு அது நியாயமாகப் பட்டது. காற்றாலை இறக்கைகள் வழியில் நிற்கின்றனவே என்று யாரோ முனகியதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்கள். மண்ணில் விழுந்த நோய் எங்கேயும் போகாது என்று டாக்டர் எழுந்து சொன்னபோது, ஒரு வயசான குரல், பிறகு எதுக்கம்மா வைத்தியம் என்றது.

வடிவு பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். குளத்தில் தண்ணி இல்லை, அங்கே பந்தல் போட்டு நாய்களை வைத்துக்கொள்ளலாம், கரை சுற்றியும் இருப்பதால் வேறு நாய் உள்ளே வராது என்றாள். எந்தப் பந்தலை என்று நம்பித்துரை கேட்டார். அவளிடம் இருந்த கம்பும் துணியும் வடமும் கொடைக்குப் பேசியவை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்தப் பந்தலைத்தான் என்றாள்.

“அம்மன வெயில்ல நிறுத்திட்டு நாய நிழல்ல வைக்கப் போறியா, வடிவு?”

“அம்மனுக்கு ஊரே நிழலு, அண்ணாச்சி. அறுக்கது ஒரு நிமிஷ வேலை, அது யாருக்கும் தெரியும். எனக்குக் கட்டத்தான் தெரியும். நான் கட்டுதேன்.”

மறுநாள் லாரியில் சவுக்குக் கம்புகள் குளத்துக்குள் இறங்கின.

அந்தப் பந்தல் மாதிரி ஒன்றை அவள் அதற்கு முன் போட்டதில்லை. மற்றப் பந்தலெல்லாம் கீழே விழாமலிருக்கப் போடுவது, இது மேலே போகாமலிருக்கப் போடுவது. கம்புகளை ஆள்மட்டத்துக்குக் குழி வெட்டி இறக்கினாள். கூரைக்கு இரட்டைத்துணி தைத்து அதன்மேல் வலை மாதிரி வடம் பின்னினாள். தரையில் தார்ப்பாய் விரித்தாள். வாசலில் ஒரு அண்டாவைப் பாதி புதைத்து அதில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணியை ஊற்றவைத்தார் டாக்டர். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் காலை முக்கித்தான் ஆக வேண்டும், வீட்டில் நோய் வராத நாய் வைத்திருப்பவர்கள் உள்ளே வரவே கூடாது, உள்ளே உடுத்த துணி உள்ளேயே கொதிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்.

பிறகு ஊர்வலமாக நாய்கள் வந்தன. சுடலைமுத்து செவலையோடு முன்னால் வந்தார், அவருக்குப் பின்னால் மாதா கோயில் தெருக்காரர்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள், ரயில்வே கேட்காரர் என்று ஆளுக்கொரு கயிறும் கயிற்றுக்கு மேல் ஒரு நாயுமாகக் கரையேறி இறங்கினார்கள். கூரைக்குக் கீழே கொண்டுவந்து விட்டதும் ஒவ்வொரு நாயும் மெல்ல எழும்பி, முதுகால் துணியைத் தொட்டு, மச்சில் படுத்த மாதிரி அங்கே படுத்துக்கொண்டது.

மருந்து ஏற்றுவதில் ஒரு சிக்கல் வந்தது. மருந்து மேலேயிருந்துதான் இறங்கும், நாயோ கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே இழுத்துப் பிடித்தால் குடல் புரண்டு இன்னும் கக்கியது, அதனதன் உயரத்தில் விடுங்கள் என்றார் டாக்டர். வடிவு கூரைக்கு மேலே இன்னொரு கூரைபோலக் குறுக்குக் கம்புகள் கட்டினாள். அவற்றில் பாட்டில்களைத் தொங்கவிட்டுக் குழாய்களைத் துணியிலிட்ட துளை வழியாக உள்ளே இறக்கினாள். குளக்கரையிலிருந்து பார்த்தால் பந்தலின் உச்சியில் கண்ணாடிக் காய்கள் காய்த்த மாதிரி வெயிலில் மின்னியது. தென்னை ஏறுகிற ஆட்கள் கூலி கேட்காமல் வந்து பாட்டில் மாற்றினார்கள்.

செல்லப்பா கரையிலிருந்த ஆலமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, காலையும் மாலையும் நாய்களின் நிலவரத்தை வாசிக்க ஆரம்பித்தார். “மாதா கோயில் தெரு வெள்ளையன் அரை முழம் இறங்கியிருக்கிறான். கேட்டடி டைகருக்கு வாந்தி நின்றிருக்கிறது, வீட்டார் பால் கொண்டுவர வேண்டாம், டாக்டரம்மா சொன்ன பிறகு கஞ்சித்தண்ணி மட்டும் கொண்டுவரவும்.” டீக்கடையில் கிளாஸ்கள் பாதி வழியில் நின்று கேட்டன. நாய் வளர்க்காதவர்கள்கூடத் தங்களுக்கென்று ஒரு நாயை வைத்துக்கொண்டு, அது எத்தனை முழம் இறங்கியது என்று விசாரித்தார்கள். மஞ்சளும் வேப்பங்கொழுந்தும் மாட்டுப் பாலும் முட்டையுமாகக் கொண்டுவந்தவர்களை டாக்டர் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். குடல் புண்ணாகிக் கிடக்கும்போது ஊட்டுவது அன்பு இல்லை என்றார். மருந்துக் கடைக்காரர் மனுஷருக்கு வைத்திருந்த பாட்டில்களையெல்லாம் இறக்கிக் கொடுத்தார், தீர்ந்தபோது திருநெல்வேலிக்கு ஆள் போனது.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. மஸ்தான் பாயின் கறுப்பி என்ற பெட்டை எவ்வளவு ஏற்றியும் இறங்கவே இல்லை. அவள் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் கூரைத்துணி நாளுக்கு நாள் உயர்ந்து, தையல் விட ஆரம்பித்தது. வடிவு அவள் கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். கயிற்றின் வழியாகக் கறுப்பியின் நெஞ்சு துடிப்பது அவளுக்குக் கேட்டது. பிறகு அது விட்டுவிட்டுக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. கயிறு மட்டும் முன்னைவிட வேகமாக மேலே இழுத்தது.

“விட்டுருங்கக்கா,” என்றார் டாக்டர்.

முடிச்சுப் போடத் தெரிந்த அந்த விரல்களுக்கு அந்த ஒரு முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் ஆனது. கறுப்பி துணியின் கிழிசல் வழியாக வெளியே போனாள், பருந்துகள் அவளுக்கு விலகி வழிவிட்டன. மஸ்தான் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மாலை நிலவரத்தில் செல்லப்பா கறுப்பியின் பெயரை மட்டும் வாசித்துவிட்டு மைக்கை அணைத்தார். வடிவு முகத்தைக் கழுவிவிட்டு வந்து கிழிசலைத் தைத்தாள்.

ஆனியின் கடைசியில் கெட்டி தார்ப்பாயில் நின்று கஞ்சி நக்கினான். வெள்ளையன் நெஞ்சு உயரத்துக்கு வந்திருந்தான், செவலை ஒரு காலால் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் காற்று பொறுத்தால் போதும் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

காற்று பொறுக்கவில்லை. கொடையன்று மத்தியானம், கோயிலில் வில்லுப்பாட்டுக்காரர்கள் அம்மன் பிறந்த கதையைத் தொடங்கியிருந்தபோது, கணவாயின் மேற்கு வாயில் ஒரு காற்றாலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றியது. அடுத்து அதன் பக்கத்திலுள்ளது. பிறகு மலையடிவாரம் முழுக்க எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற ஆரம்பிக்க, இத்தனை நாள் சேர்த்துவைத்த கோபத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு காற்று குளத்துக்குள் இறங்கியது. கீழேயிருந்து காற்று தூக்க, உள்ளேயிருந்து இன்னும் இறங்காத நாய்கள் தூக்க, பந்தல் ஒரு பெருமூச்சு விட்டது. ஆள்மட்டத்துக்குப் புதைத்த கம்புகள் விரல் விரலாக மண்ணிலிருந்து வெளியே வருவதை வடிவு பார்த்தாள்.

அவளும் தென்னை ஏறுகிறவர்களும் ஆளுக்கொரு வடத்தைப் பிடித்தார்கள். போதவில்லை. அவள் செல்லப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே மைக்கை எடுத்திருந்தார். காற்றுக்கு மேலே அந்தக் குரல் எழுந்தது, கல்யாண வீட்டுக் குரலுமில்லை, நிலவரம் வாசிக்கிற குரலுமில்லை.

“கணவாய்ப்புதூர் மக்கா. பந்தல் போகுது. பிடிக்கதுக்குக் கை வேணும்.”

வில் நின்றது. மேளம் நின்றது. கோயில் வாசலில் ஒரு கணம் எல்லாரும் நம்பித்துரையைப் பார்த்தார்கள். அவர் அம்மனைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த பட்டு நேரியலை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தார், நடை ஓட்டமானது, அவருக்குப் பின்னால் ஊரே ஓடியது, மேளக்காரர்கள் மேளத்தோடும், பொங்கலிட்ட பெண்கள் கையில் அகப்பையோடும், மஸ்தான் பாய் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டும் ஓடினார்கள்.

பந்தல் வாசலில் டாக்டர் பெனிட்டா இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டு, இன்று மட்டும் எல்லாரும் வரலாம், ஆனால் யாராக இருந்தாலும் காலை முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார். பந்தல் கையளவு எழும்பிவிட்ட அந்த நேரத்திலும், ஊர் முழுவதும் வரிசையில் நின்று, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்து, கொலுசோடும் மெட்டியோடும், ஒருவர்கூட அண்டாவைத் தாண்டிக் குதிக்காமல், ப்ளீச்சிங் தண்ணியில் காலை முக்கிவிட்டு உள்ளே ஓடி ஆளுக்கொரு வடத்தைப் பிடித்தார்கள். நம்பித்துரை காற்றுக்கு எதிரான மேற்கு மூலை வடத்தைப் பிடித்தார், அதுதான் எல்லாவற்றிலும் கடினமான மூலை.

மேளக்காரர் தேர் இழுக்கிற அடியை எடுத்தார். அந்த அடிக்கு எல்லாக் கையும் சேர்ந்து இழுத்தது, அந்த அடிக்கு எல்லா மூச்சும் சேர்ந்து வந்தது. காற்று ஒரு முறை முழு பலத்தையும் காட்டியபோது பந்தல் கம்போடும் துணியோடும் பாட்டிலோடும் நாயோடும் ஊரோடும் சேர்ந்து தரையைவிட்டு எழும்பியது. கணவாய்ப்புதூர் மக்கள் முழுப்பேரும் வடத்தைப் பிடித்தபடி ஒரு முழ உயரத்தில் காலை உதைத்துக்கொண்டு தொங்கினார்கள், ஒருவரும் கையை விடவில்லை. வடங்களின் வழியாக ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் நாய்களின் நெஞ்சு துடித்தது. எது யார் நாய் என்று தெரியாமல் எல்லாத் துடிப்பும் எல்லாருக்கும் கேட்டது. இத்தனை நாள் தன் வாசலில் விழுந்த பேதிக்காகச் சண்டை போட்டவர்கள் பக்கத்து வீட்டு நாயின் துடிப்பைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

பாட்டில்கள் ஆடின, ஆனால் சொட்டு நிற்கவில்லை. வெயில் சாயத் தொடங்கியபோது வெள்ளையன் கனத்தான். பிறகு டைகர். பிறகு செவலை. ஒவ்வொரு நாயாகக் கனக்கக் கனக்க, பந்தல் மெல்ல மெல்ல இறங்கியது. தொங்கின கால்கள் பெருவிரலால் மண்ணைத் தொட்டன, பிறகு குதிகாலால். கம்புகள் தங்கள் குழிகளுக்குள் திரும்ப உட்கார்ந்தன. காற்று இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தூக்குவதற்கு அதற்கு ஆள் இல்லாமல் போயிற்று. கூரையிலிருந்து நாய்கள் பழுத்த பழம் மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி, வடம் பிடித்தவர்களின் கையிலும் தோளிலும் உட்கார்ந்தன. நம்பித்துரையின் கையில் வந்து இறங்கியது யார் வீட்டு நாயும் இல்லை, கேட்காரர் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்த, ரயில்வே கேட்டில் திரிகிற சொறிப்பெட்டை. அவர் அதை இறக்கிவிடவில்லை. பட்டு நேரியலை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, கனமாத்தான் இருக்கு என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

வடிவு வடத்தை விட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. டாக்டர் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார், இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள்.

அந்த வருஷத்துக் கொடை ஒரு நாள் தள்ளி, பந்தல் இல்லாமல், வெட்ட வெளியில் நடந்தது. அம்மன் வீதியுலா வந்தபோது ஊர் முழுக்க ப்ளீச்சிங் வாடை அடித்தது, அதை யாரும் வாடை என்று சொல்லவில்லை. தேறிய நாய்களை டாக்டர் உடனே வீட்டுக்கு விடவில்லை. நோய் வெளியே வருவது நிற்கும்வரை குளத்துக்குள்ளேயே வைத்திருந்தார். அதற்குள் ஊர்க்காரர்கள் தெருத்தெருவாக மண்ணைக் கொத்தி வெயிலில் காயவிட்டு, ப்ளீச்சிங் தெளித்து, பழைய கயிறுகளை எரித்தார்கள். பேரூராட்சி அலுவலகத்தில் தடுப்பூசி முகாம் போட்டபோது குட்டிகளைக் கூடையிலும் சாக்கிலும் சைக்கிள் பெட்டியிலுமாகக் கொண்டுவந்தார்கள். ஒரு ஊசி போதாது, குட்டி வளர வளர மறுபடியும் மறுபடியும் வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை, செல்லப்பா ஸ்பீக்கரில் ஒவ்வொரு முகாமுக்கும் முந்தின நாள் ஞாபகப்படுத்தினார். சுடலைமுத்து ஊசி போட்ட ஒவ்வொரு குட்டியின் வீட்டுக்கும் பரோட்டா பார்சல் கொடுத்தார்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில், கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து பால் வண்டிக்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்தார். அங்கே ஒரு நாய் ஓட்டுக்கூரை உயரத்தில் நிற்கிறதாம், இன்னொன்று தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டு எழும்புகிறதாம், கயிறு கட்டலாமா வேண்டாமா என்று அந்த ஊரில் கூட்டம் போட்டிருக்கிறார்களாம். வடிவு அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. கம்பும் துணியும் வடமும் அண்டாவும் லாரியில் ஏறின. நம்பித்துரை மில்லிலிருந்து தார்ப்பாய்களைத் தானே சுமந்துவந்து போட்டுவிட்டு, ஆள் வேண்டுமானால் சொல்லி அனுப்பு, மேற்கு மூலை எனக்கு என்றார். டாக்டர் பெனிட்டா மருந்துப் பெட்டியோடு முன்னால் ஏறினார், செல்லப்பா ஸ்பீக்கரை லாரித் தலையில் கட்டினார்.

லாரி கிளம்பியதும் நாய்கள் பின்னால் ஓடிவந்தன. வெள்ளையனும் டைகரும் செவலையும், கடைசியில் கால் சின்னதானதால் உருண்டுகொண்டே கெட்டியும், ஓடுகிற கால்கள் மண்ணில் விழுகிற சத்தம் தடதடவென்று கேட்க, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊர் எல்லைவரை வந்தன. கால்வாய்ப் பாலத்தில் டாக்டர் ஜன்னல் வழியே கையை நீட்டிப் போதும் என்றார். அவை பாலத்தில் வரிசையாக நின்று, நாலு காலையும் ஊன்றிக் குரைத்தன.

கணவாயைத் தாண்டி லாரி திரும்பியபோது, தூரத்துப் புளியமரங்களுக்கு மேலே வெயிலில் கறுப்பாக இரண்டு மூன்று புள்ளிகள் அசைந்தன. வடிவு அவற்றைப் பார்த்துக்கொண்டே புருஷன் பக்கம் திரும்பாமல் மைக்கை எடுங்கள் என்றாள். செல்லப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே, காற்றைப் பிளந்துகொண்டு அவர் குரல் அங்கே போய்ச் சேர்ந்தது:

“கீழ உள்ளவங்க கயித்தப் பிடிச்சுக்கிடுங்க. நாங்க வந்துட்டோம்.”